30 ஆண்டுகள் விலை ஏறாத ரொட்டி: எகிப்தில் அந்தச் சுமை எங்கே போனது?

[திரையில்: கெய்ரோ நகரத் தெரு. ஓர் இளைஞர் ஒரு கையால் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, மறு கையால் தலைமேல் இருக்கும் நீண்ட பேரீச்ச மட்டைத் தட்டியைப் பிடித்தபடி, வாகனங்களுக்கு நடுவே போகிறார். தட்டி நிறைய ரொட்டி.]

வணக்கம். இந்த இளைஞரின் தலைமேல் இருக்கும் ரொட்டியைக் கவனியுங்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களுக்குக் குப்பூஸ் என்ற பெயர் பழக்கமாக இருக்கும். அதே அரபு மொழியைப் பேசும் எகிப்தியர்களோ தங்கள் ரொட்டியை ‘அய்ஷ்’ என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்று பொருள்.

அரசு மானியத்தில் விற்கப்படும் இந்த ‘அய்ஷ் பலதி’ ரொட்டி ஒன்றின் விலை 1980-களின் இறுதியில் 5 பியாஸ்டராக இருந்தது. நூறு பியாஸ்டர் சேர்ந்தால் ஒரு எகிப்தியப் பவுண்டு. 2008-இல் உலகமெங்கும் தானிய விலை தாறுமாறாக ஏறியபோதும் அதன் விலை 5 பியாஸ்டர்தான். 2011-இல் மக்கள் எழுச்சியால் அதிபர் ஹோஸ்னி முபாரக் பதவி விலகியபோதும், 2013-இல் அடுத்த அதிபர் முகமது முர்சியை ராணுவம் அகற்றியபோதும், 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து அந்நாட்டின் கருங்கடல் துறைமுகங்கள் மூடப்பட்டபோதும் அதே 5 பியாஸ்டர்தான். முதன்முறையாக அந்த விலை ஏறியது 2024 ஜூன் 1 அன்று.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பொருளின் விலை அசையவில்லை என்றால், இடையில் வந்த அத்தனை அதிர்ச்சிகளையும் வேறு ஏதோ ஒன்று தாங்கியிருக்க வேண்டும். அந்த ஒன்றைத் தேடுவதுதான் இந்தக் காணொளி. நடுவில் ஒரு சிறிய கணக்கு வருகிறது. அதுவரை தயவுசெய்து பொறுத்திருங்கள்.

[திரையில்: வரைபடம். நைல் நதியின் பச்சைக் கோடு, சுற்றிலும் பாலைவனம்.]

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எகிப்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் நைல் நதியையும் அதன் கழிமுகத்தையும் ஒட்டியே வாழ்கிறார்கள்; விளைநிலமும் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேல் கோதுமையை இறக்குமதி செய்யும் அந்த நாடு, உலகின் மிகப் பெரிய கோதுமை வாங்குநர்களில் ஒன்றாக இருக்கிறது. மானிய ரொட்டியை வாங்கும் உரிமை ஏறத்தாழ ஏழு கோடிப் பேருக்கு உண்டு. நாளொன்றுக்கு 25 கோடிக்கும் மேற்பட்ட ரொட்டிகள் சுடப்படுகின்றன.

அரசு ஏன் இந்த விலையைத் தொடவே அஞ்சியது என்பதற்கான விடை 1977 ஜனவரியில் இருக்கிறது. அன்வர் சதாத்தின் அரசு, பன்னாட்டு நிதி நிறுவனங்களின் அழுத்தத்தால், மாவு, அரிசி, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கான மானியத்தை வெட்டுவதாக அம்மாதம் 17-ஆம் தேதி அறிவித்தது. மறுநாளே அலெக்சாந்திரியாவிலிருந்து அஸ்வான் வரை மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவம் இறக்கப்பட்டது, எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இரண்டே நாளில் மானியம் திரும்ப வந்தது. சதாத் அதைத் திருடர்களின் கிளர்ச்சி என்று இகழ்ந்தார். ஆனால் அவருக்குப் பின் வந்த ஆட்சியாளர் ஒவ்வொருவரும் அந்த இரண்டு நாள்களை மறக்கவில்லை. 2011-இல் தஹ்ரீர் சதுக்கத்தில் எழுந்த முழக்கத்தின் முதற்சொல்லே ‘அய்ஷ்’. விடுதலையும் சமூக நீதியும் அதற்கு அடுத்துத்தான் வந்தன.

[திரையில்: அடுமனையின் உட்புறம். தவிடு தூவிய பலகைகளில் வரிசை வரிசையாக மாவு வட்டங்கள்.]

இப்போது ஓர் அடுமனைக்குள் போவோம். இந்த மாவு நம் சப்பாத்தி மாவைப் போல இறுக்கமாக இராது. கையில் ஒட்டும் அளவுக்கு நீர் அதிகம். அதனால்தான் பலகையில் தவிட்டைத் தூவி, அதன் மேல் உருண்டைகளை வைத்துத் தட்டிப் பரப்பி, சிறிது நேரம் புளிக்க விடுகிறார்கள். பிறகு அனல் வீசும் அடுப்புக்குள் தள்ளினால், ஓரிரு நிமிடத்துக்குள் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, ரொட்டி பூரியைப் போல உப்பி எழுகிறது. வெளியே வந்ததும் ஆவி அடங்கி நடுவில் ஒரு பை போலத் திறந்துகொள்கிறது. அந்தப் பைக்குள் வெந்த மொச்சையை வைத்தால் எகிப்தின் காலை உணவு தயார். தெருவைப் பார்த்த ஜன்னல் வழியாகத்தான் விற்பனை. வாங்கியவர்கள் சூடு ஆறுவதற்காக அருகிலுள்ள காரின் முன்மூடி மேலேயே ரொட்டிகளைப் பரப்பிவிட்டு நிற்பதும் உண்டு.

இந்த ஜன்னலுக்கும் மாவு மூட்டைக்கும் இடையில்தான் 2014 வரை பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அரசு அடுமனைகளுக்கு மாவை டன் 160 பவுண்டு என்ற சலுகை விலையில் கொடுத்தது; வெளிச்சந்தையில் அதே மாவு பத்து மடங்குக்கும் மேல் விலை போனது. அந்த நிலையில் ரொட்டி சுடுவதைவிட மூட்டையை அப்படியே கள்ளச் சந்தைக்குத் தள்ளுவது அடுமனைக்காரருக்கு லாபம். ரொட்டி மாட்டுத் தீவனத்தைவிட மலிவாக இருந்ததால் அதை வாங்கிக் கால்நடைக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். 2008-இல் வரிசையில் நின்றவர்களிடையே மூண்ட சண்டைகளில் உயிர்கள் போயின. முபாரக் ராணுவத்தின் அடுமனைகளையே பொதுமக்களுக்கு ரொட்டி சுட உத்தரவிட்டார்.

2014-இல் வந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் அதில் ஒரு கிலோ கோதுமைகூடக் கூடுதலாக வாங்கப்படவில்லை. மானியத்தை மாவின் மேலிருந்து எடுத்து ரொட்டியின் மேல் வைத்தார்கள், அவ்வளவுதான். அடுமனை முழு விலை கொடுத்து மாவை வாங்க வேண்டும். வாடிக்கையாளர் தன் மின்னணு அட்டையை இயந்திரத்தில் தேய்த்து ரொட்டி வாங்கிய பிறகே, அந்த ரொட்டிக்கான மீதித் தொகையை அரசு அடுமனைக்குக் கொடுக்கும். விற்காத ரொட்டிக்கு மானியம் இல்லை என்றானதும் மூட்டையைக் கடத்துவதில் லாபம் இல்லாமல் போயிற்று. அதோடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 ரொட்டி என்று வரம்பு வைத்தார்கள். வாங்காமல் விட்ட ஒவ்வொரு ரொட்டிக்கும் 10 பியாஸ்டர் மதிப்புள்ள புள்ளி அட்டையில் ஏறும். அதைக் கொண்டு எண்ணெயோ சர்க்கரையோ வாங்கிக்கொள்ளலாம். 5 பியாஸ்டர் ரொட்டியை வாங்காமல் இருப்பதற்கு 10 பியாஸ்டர் கிடைக்கும்போது யார் அதை மாட்டுக்குப் போடுவார்கள்?

முறைகேடு அதோடு ஒழிந்தது என்று நான் சொல்லவில்லை. அது சங்கிலியின் வேறு கண்ணிக்கு நகர்ந்தது. உள்நாட்டு உழவர்களை ஊக்குவிக்க உலகச் சந்தையைவிட அதிக விலைக்கு அரசு கோதுமை வாங்கியதால், மலிவான இறக்குமதிக் கோதுமையை உள்நாட்டு விளைச்சல் என்று கணக்கில் ஏற்றும் ஆசை பிறந்தது. 2016 அறுவடையில் ஏறத்தாழ 50 லட்சம் டன் கொள்முதல் ஆனதாகப் பதிவேடு சொன்னது; அந்தக் கணக்கு ஊதிப் பெருக்கப்பட்டது என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு கண்டறிந்தது. அட்டை முறையைக் கொண்டுவந்த வழங்கல் துறை அமைச்சர் காலித் ஹனஃபி அதே ஆண்டு ஆகஸ்டில் பதவி விலகினார்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் இன்னொரு பாடம் கிடைத்தது. மின்னணு அட்டை இன்னும் கைக்கு வராதவர்களுக்கு விற்பதற்காக அடுமனைக்காரர்களிடம் ‘தங்க அட்டை’ என்ற ஒன்று இருந்தது. அதில் ஒரு நாளைக்கு விற்கக்கூடிய ரொட்டிகளின் எண்ணிக்கையை அரசு 500 ஆகக் குறைத்தது. ரொட்டியின் விலையில் மாற்றம் இல்லை, நாட்டில் கோதுமைத் தட்டுப்பாடும் இல்லை. ஆனாலும் அலெக்சாந்திரியாவிலும் கீசாவிலும் பெண்கள் முன்னின்று சாலைகளை மறித்தார்கள், ரயில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அரசு உடனே இறங்கிவந்தது. கிடங்கு நிறையத் தானியம் இருந்தாலும் ஓர் அட்டையின் வரம்பு போதும் ஒரு தெருவைப் பட்டினி போட என்பதை அந்தப் பெண்கள் அதிகாரிகளைவிட முன்பாகவே அறிந்திருந்தார்கள்.

[திரையில்: தராசின் இரு தட்டுகளில் இரண்டு ரொட்டிகள். ஒன்று 110 கிராம், மற்றொன்று 90 கிராம்.]

இதோ நான் சொன்ன கணக்கு. 2020 ஆகஸ்டில், பெருந்தொற்றுக் காலத்தின் நடுவில், மானிய ரொட்டியின் எடை 110 கிராமிலிருந்து 90 கிராமாகக் குறைக்கப்பட்டது. விலை அதே 5 பியாஸ்டர். ஆளுக்கு அதே 5 ரொட்டி. இப்போது பெருக்கிப் பாருங்கள்: 110 கிராம் ரொட்டி ஒன்பது சேர்ந்தால் 990 கிராம், 90 கிராம் ரொட்டி பதினொன்று சேர்ந்தாலும் அதே 990 கிராம். முன்பு ஒன்பது ரொட்டிக்குப் போன எடையில் இப்போது பதினொரு ரொட்டி கிடைக்கிறது. ஒரு ரொட்டிக்கு 20 கிராம் என்பது கையில் தூக்கிப் பார்த்தால் தெரியாத அளவு. 25 கோடி ரொட்டிக்கு அது ஒரே நாளில் 5,000 டன். ஒருவரின் தினசரிப் பங்கு 550 கிராமிலிருந்து 450 கிராமாக இறங்கியது. ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு அரைக் கிலோ உணவு குறைந்தது.

விலையை ஏற்றியிருந்தால் அது எல்லா நாளிதழ்களிலும் முதற்பக்கத் தலைப்பாக வந்திருக்கும்; 1977-ஐ நினைவூட்டியிருக்கும். எடைக் குறைப்பும் செய்தியாக வந்தது, ஆனால் அதை எதிர்த்து நகரங்கள் திரளவில்லை. 2022-இல் இன்னொரு மாற்றமும் வந்தது: 100 கிலோ கோதுமையை அரைத்து 82 கிலோ மாவு எடுத்துக்கொண்டிருந்த ஆலைகள், 87.5 கிலோ எடுக்க வேண்டும் என்று விதி மாறியது. கூடுதலாகக் கிடைத்த அந்த 5.5 கிலோவும், முன்பு தவிட்டோடு போய்க்கொண்டிருந்த பகுதிதான். ரொட்டி சற்றுக் கருத்தது. அரசியல் கொந்தளிப்பு ஓர் உணவுச் சங்கிலிக்குள் இறங்கும்போது விலைச் சீட்டில் தெரியாவிட்டால் எடையில், நிறத்தில், வரிசையின் நீளத்தில் தெரியும் என்று நான் சொல்வது இதைத்தான். இது தேவைப்பட்டிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலையைக் காத்ததாகப் பெருமை கொள்ளும் அரசு, எடையைக் குறைத்ததையும் அதே குரலில் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

[திரையில்: கருங்கடல் வரைபடம். ஒடேசா, நவரசீஸ்க், பாஸ்பரஸ் நீரிணை, அலெக்சாந்திரியா.]

இனி 2022 பிப்ரவரி 24. எகிப்து இறக்குமதி செய்த கோதுமையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. காரணம் எளிது: கருங்கடலில் ஏற்றினால் பாஸ்பரஸைக் கடந்து சில நாள்களில் அலெக்சாந்திரியாவுக்கு வந்துவிடலாம்; விலையும் குறைவு. போர் தொடங்கிய அதே நாளில் எகிப்தின் அப்போதைய அரசுக் கொள்முதல் அமைப்பான ஜிஏஎஸ்சி ஒரு டெண்டரை நடத்திக்கொண்டிருந்தது. வந்தது ஒரே ஒரு விலைப்புள்ளி. அதுவும் பிரெஞ்சுக் கோதுமைக்கு. குறைந்தது இரண்டு வேண்டும் என்பது விதி என்பதால் டெண்டர் ரத்தானது. நான்கு நாள் கழித்து நடந்த அடுத்த டெண்டரும் விலை அதிகம் என்று ரத்தானது. ஏற்கெனவே வாங்கிய கோதுமையோடு ஒரு கப்பல் உக்ரைன் துறைமுகத்திலேயே சிக்கிக்கொண்டது.

அப்போது எகிப்தைக் காத்தவை மூன்று என்று சொல்வேன், மூன்றுமே சம அளவு அல்ல. பெரியது கிடங்குகள். பழைய நாள்களில் கொள்முதல் செய்த கோதுமையைப் பெரும்பாலும் ‘ஷூனா’ என்னும் திறந்தவெளி முற்றங்களில் மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்தார்கள். பறவையும் எலியும் ஈரமும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. 2014-ஐ ஒட்டி 15 லட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த நவீனக் கிடங்குகளின் கொள்ளளவை, ஐக்கிய அரபு அமீரகத்தின் நிதியுதவியும் சேர, சில ஆண்டுகளில் 34 லட்சம் டன்னாக உயர்த்தினார்கள். அதனால் போர் வெடித்தபோது சில மாதங்களுக்கான கோதுமை கையில் இருந்தது. ஏப்ரல் நடுவில் உள்நாட்டு அறுவடை தொடங்கும்வரை தாக்குப்பிடிக்க அந்தச் சில மாதங்கள்தான் வேண்டியிருந்தன.

இரண்டாவது, அந்த அறுவடை. அவ்வாண்டு உழவர்கள் ஒரு ஃபெத்தானுக்கு 12 அர்தப் கோதுமையை அரசுக்கே விற்றாக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஃபெத்தான் என்பது ஏறத்தாழ நம் ஏக்கர். அர்தப் என்பது 150 கிலோ. ஆக ஏக்கருக்கு 1.8 டன், விளைச்சலில் பாதிக்கும் மேல். அனுமதியின்றித் தனியாருக்கு விற்பது குற்றம். அரசு 42 லட்சம் டன் வரை திரட்டியது. உலகச் சந்தை உச்சத்தில் இருந்த ஆண்டில், வரப்பில் நின்ற உழவர் தன் கோதுமைக்குச் சந்தை விலை கேட்க முடியவில்லை. நகரத்தின் 5 பியாஸ்டர் ரொட்டிக்கு அவரும் மானியம் கொடுத்தார் என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, புதிய வாசல்கள். அதில் ஒன்று நம் நாட்டுக்கே திறந்தது. 2022 ஏப்ரலில் இந்தியக் கோதுமைக்கு எகிப்து ஒப்புதல் அளித்தது. மே 13 அன்று, கடும் வெயிலால் பயிர் கருகியிருந்த நிலையில், இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் அப்போது எகிப்துக்காக 61,500 டன் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தது. இன்னும் 17,160 டன் மட்டுமே மீதி. எகிப்து வேண்டிக்கொண்டதன் பேரில் அந்தக் கப்பலை முழுதாக ஏற்றிப் புறப்பட இந்தியா அனுமதித்தது. ஒரு போருக்கு மாற்றாகத் தேடிய வாசல் ஒரு வெப்ப அலையால் ஒரே மாதத்தில் மூடியது. ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில் கையெழுத்தாகி, உக்ரைனின் தானியக் கப்பல்களுக்கு வழிவிட்ட கருங்கடல் தானிய உடன்பாடு, 2023 ஜூலையில் ரஷ்யா விலகும்வரை நீடித்தது. அதற்குப் பிறகும் எகிப்துக்கு அதிகக் கோதுமை அனுப்பியது ரஷ்யாதான்.

கப்பல் வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். 2022 பிற்பகுதியில் எகிப்தியத் துறைமுகங்களில் கோதுமை வந்து கிடந்தது. தனியார் ஆலைகளோ தானியம் இல்லாமல் நின்றன. இறக்குமதியாளர்களுக்கு வங்கியில் டாலர் கிடைக்கவில்லை. டாலர் கட்டாமல் சரக்கை எடுக்க முடியாது. போர் தொடங்கியபோது ஒரு டாலருக்கு 16 பவுண்டுக்கும் குறைவாக இருந்த மதிப்பு, 2024 மார்ச்சில் 50 பவுண்டை நெருங்கியது. மானிய அட்டை இல்லாதவர்கள் இந்த அடியை நேராக வாங்கினார்கள். 2022 மார்ச்சில் தனியார் ரொட்டிக்கும் அரசு உச்சவரம்பு வைத்தது: 90 கிராம் ரொட்டி ஒரு பவுண்டு. அட்டை உள்ளவருக்கு 5 பியாஸ்டர், அட்டை இல்லாதவருக்கு அதே எடைக்கு 100 பியாஸ்டர்.

[திரையில்: அடுமனை ஜன்னல். 2024 ஜூன் 1.]

ஒரு சிகரெட்டின் விலைக்கு 20 ரொட்டி கொடுப்பது அடுக்காது, ரொட்டி விலையை உயர்த்தும் நேரம் வந்துவிட்டது என்று அதிபர் சிசி 2021 ஆகஸ்டிலேயே பேசியிருந்தார். போர் வந்ததால் அது தள்ளிப்போனது. 2024 மே மாத இறுதியில் பிரதமர் முஸ்தபா மத்பூலி விலையை 20 பியாஸ்டராக அறிவித்தார். ஒரு ரொட்டியை உருவாக்க அரசுக்கு 125 பியாஸ்டர் ஆகிறது என்றும் கூறினார்.

நான்கு மடங்கு உயர்வு. ஆனால் இதை நம் ரூபாயில் மாற்றிப் பார்த்து நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 2022 தொடக்கத்தில் 5 பியாஸ்டர் என்பது ஏறத்தாழ 24 பைசா. 2024 ஜூனில் 20 பியாஸ்டர் என்பது ஏறத்தாழ 35 பைசா. பவுண்டு அவ்வளவு தேய்ந்துபோயிருந்தது. கெய்ரோவில் கூலி வாங்குபவருக்கு இந்த ஆறுதல் பயன்படாது, ஏனென்றால் அவர் கூலி பவுண்டில்தான் வருகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பம் நாளுக்கு 25 ரொட்டி வாங்கினால், மாதத்துக்கு 37.50 பவுண்டு ஆகிக்கொண்டிருந்த செலவு 150 பவுண்டு ஆனது.

இப்போது எகிப்தில் அடுத்த பேச்சு எழுந்திருக்கிறது: ரொட்டிக்குப் பதிலாகப் பணமாகவே கொடுத்துவிடலாமா என்பது. கடத்தல் குறையும், கணக்கு எளிதாகும் என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நான் ரொட்டியின் பக்கமே நிற்கிறேன். மேலே பார்த்த அந்தப் பவுண்டு இரண்டே ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தது. அதே காலத்தில் அட்டையில் இருந்த 5 ரொட்டி 5 ரொட்டியாகவே இருந்தது, மெலிந்திருந்தாலும்கூட. பணம் கொடுப்பதென்றால் அது மாவு விலையோடு சேர்ந்து ஏற வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதிவிட்டுக் கொடுக்கட்டும்.

இந்தக் காணொளியைப் பார்ப்பவர்களில் எகிப்தில் படித்தவர்களோ, வேலை பார்த்தவர்களோ, அல்லது வளைகுடாவில் எகிப்தியர்களோடு ஒரே அறையில் தங்கியவர்களோ இருந்தால், அவர்கள் வீட்டு ரொட்டியைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். குறிப்பாக 2020-க்கு முந்தைய ரொட்டியையும் பிந்தைய ரொட்டியையும் கையில் வாங்கிப் பார்த்தவர்கள், அந்த 20 கிராம் வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்ததா என்று சொல்லுங்கள்.